நாலு விரல் மிச்சம்

பல் டாக்டர் மாமாவின் பெயர்ப்பலகையை இரண்டு பேர் ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் வேலை முடிந்து வரும் வழி. ஒருவன் மேலே திருகுகளைக் கழற்ற, மற்றவன் கீழே நின்று பலகையின் ஒரு முனையைத் தாங்கிக்கொண்டிருந்தான். பலகை இருந்த இடத்தில் சுவர் வெளுப்பாக, நீள்சதுரமாகத் தெரிந்தது. கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'பல் சிகிச்சை நாற்காலி விற்பனைக்கு. நல்ல நிலையில் உள்ளது. உள்ளே விசாரிக்கவும்.' கையெழுத்து மாமாவுடையது இல்லை, அத்தையுடையது. மாமா இப்போது எதையும் கையால் எழுதுவதில்லை. தெருவில் நின்று அந்தத் தாளை மூன்று முறை படித்துவிட்டு, அடுத்த திருப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நடந்தேன்.

கீழே அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே வீடு. அம்மா பள்ளிக்கூட ஆபீஸிலிருந்து வந்து, வெந்நீர் வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தியா? ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பறாங்களாம். பையன் வீட்டோடயே இருக்கப் போறாங்க. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டாங்க."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? வாயைத் திறந்தாத்தானே. ரெண்டு பேரும் சாராயத்துக்குச் சண்டை போட்டு அஞ்சு மாசம் ஆச்சு. எங்க ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் பசங்களே மத்தியானத்துக்குள்ள பழம் விட்டுடுவாங்க."

"சாராயம் இல்லம்மா, விஸ்கி."

"ஆமாமா, ரொம்பப் பெரிய வித்தியாசம்."

அறைக்குப் போய் கட்டிலில் உட்கார்ந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அந்தச் சண்டைக்குக் காரணம் நான். அது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லவில்லை என்றால் எப்போதும் சொல்ல முடியாது.

அவர்கள் இருவரும் குடிகாரர்கள் இல்லை. சனிக்கிழமை நாலு மணிக்கு மாமா கிளினிக்கைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டு மாடிக்கு வருவார். ஆறு மணிக்கு எழுந்து போய்விடுவார். ஆளுக்கு அறுபது மில்லி, அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. குடித்ததைவிடப் பேசியதுதான் அதிகம், அதுவும் பதினாலு வருஷமாக ஒரே பேச்சு. அப்பா சிங்கிள் மால்ட் கட்சி. ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் காய்ச்சியது. மாமா பிளெண்டட் கட்சி. பல ஆலைகளின் சரக்கைச் சேர்த்து, மற்ற தானியங்களில் காய்ச்சியதையும் கலந்து, ஒருவர் மூக்கை வைத்து முடிவு செய்தது. அப்பாவுக்குக் கலப்பது என்றாலே ஏதோ ஒளிப்பது. மாமாவுக்குக் கலக்கத் தெரிந்தவன்தான் வேலை தெரிந்தவன்.

"ஊருக்கெல்லாம் நீ விக்கறது பைஃபோகல். கிட்ட பாக்க ஒண்ணு, தூரப் பாக்க ஒண்ணு, ரெண்டையும் ஒரே கண்ணாடில ஒட்டிக் குடுக்கறே. குடிக்கும்போது மட்டும் உனக்கு சிங்கிள் வேணுமாக்கும்" என்பார் மாமா. அப்பாவைக் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுவார்.

"நீ சொத்தைப் பல்லு எல்லாத்துக்கும் ஒரே சிமெண்ட்டைக் குழைச்சுப் பூசறவன். உனக்கு எது கண்ணுல பட்டாலும் கலவைதான் டாக்டரே" என்பார் அப்பா.

நான் வேதியியல் முடித்து, குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் என்னை நடுவர் ஆக்கினார்கள். நான் குடிப்பதில்லை. அதிகம் பேசுவதும் இல்லை. இரண்டுமே நடுவருக்கு நல்லது என்றார் மாமா. சமையலறையில் வைத்து, ஆறு கிளாஸ்களில் இருபது இருபது மில்லி அளந்து ஊற்றுவேன். எந்தக் கிளாஸ் எது என்று அடியில் சின்னப் புள்ளிகளாகக் குறித்து வைப்பேன். தட்டில் வைத்து எடுத்துப் போவேன். இருவரும் முகர்ந்து, ஒரு வாய் குடித்து, என்னிடம் சொட்டுக்குழாயை வாங்கி மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு, மறுபடி முகர்வார்கள். ஒருமுறை அப்பா ஒரு கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். "இதுதான். இதுல ஒரே ஒருத்தன்தான் பேசறான். தெளிவாப் பேசறான்" என்றார். நான் கிளாஸைத் தூக்கி அடியைக் காட்டினேன். கடையில் இருப்பதிலேயே மலிவான பிளெண்ட். மாமா சோபாவில் அடித்து அடித்துச் சிரித்தார். "யோவ் கண்ணாடி, அந்த ஒருத்தனுக்குப் பின்னாடி முப்பது பேர் நிக்கறான்யா!" அடுத்த வாரமே மாமா ஒரு மால்ட்டைக் குடித்து, கலந்தவன் கைக்கு மோதிரம் போடணும் என்றார். அதற்குப் பிறகு பரீட்சையை நிறுத்தவில்லை. மார்க் போடுவதை மட்டும் நிறுத்தினார்கள்.

அலமாரியில் மேல்தட்டில் ஒரு பெரிய பாட்டில் இருந்தது. கண்ணாடி மூடி போட்ட, இரண்டு லிட்டர் பிடிக்கிற பாட்டில். ஒரு காலத்தில் மாமா கிளினிக்கில் காய்ச்சி வடித்த தண்ணீர் வைத்திருந்தது. எந்த பாட்டிலாக இருந்தாலும், அப்பாவுடையதோ மாமாவுடையதோ, அடியில் நாலு விரல் அளவு மிஞ்சும்போது அதைக் குடிக்காமல் இதில் ஊற்றிவிடுவார்கள். தேதியையும் அளவையும் ஒரு நோட்டில் எழுதுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக் குடிப்பார்கள். அதை மால்ட் என்று சொல்ல வழியில்லை. பிளெண்ட் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வராது. அதனால் அதற்குக் 'கூட்டாளி' என்று பெயர். கூட்டாளியைப் பற்றி மட்டும் அவர்கள் வாதம் செய்து நான் கேட்டதில்லை. அதைக் குடிக்கிற அன்றைக்கு அறையில் சத்தமே இருக்காது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் இருக்காங்களா, தூங்கிட்டாங்களா?" என்று என்னிடம் கேட்பாள்.

ஆறு மாதம் முன்பு மாமாவுக்கு ஒரு நோயாளி வெளிநாட்டு பாட்டில் ஒன்றைக் கொடுத்தார். கரிப்புகையில் வாட்டிய பார்லியில் காய்ச்சிய மால்ட். இருவரும் ஒரு வாய் குடித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஆஸ்பத்திரி வராந்தா" என்றார் அப்பா. "வராந்தா இல்ல, என் கிளினிக்கையே பிழிஞ்சு குடுத்திருக்கான்" என்றார் மாமா. வருகிறவர்கள் போகிறவர்களுக்குக் கொடுத்துக் கொடுத்து அந்த பாட்டில் குறைந்தது. இது மட்டும் கூட்டாளியில் போகக்கூடாது என்று அவர்கள் ஒரு நாள் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். அப்போது நான் அங்கே இல்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தது. அப்பா கீழே கடையில் இருந்தார். அந்த வாரம் முழுவதும் எனக்கு இரட்டை ஷிப்ட். கால் வலி கண் வரை ஏறியிருந்தது. அலமாரியை ஒழித்து, ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துத் துடைத்து, கட்டிலுக்கு அடியில் வைத்தேன். புகை பாட்டிலில் நாலு விரல் இருந்தது. நாலு விரல் இருந்தால் கூட்டாளியில் ஊற்றவேண்டும். ஊற்றினேன். காலி பாட்டிலை மற்ற குப்பையோடு சேர்த்துக் கட்டிப் போட்டேன். நோட்டில் எழுத மறந்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த சனிக்கிழமை கூட்டாளியைக் குடிக்கிற நாள். மாமா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"இதுல யார்யா கை வெச்சது?"

அப்பா வாங்கி முகர்ந்தார். எழுந்துபோய் அலமாரியைப் பார்த்தார். புகை பாட்டில் இல்லை. திரும்பியபோது அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை, முதலில் ஒரு குழப்பம்தான். பிறகுதான் கோபம் வந்தது.

"போன வாரம் நான் ஃபோன் பேச வெளிய போனேன். கால் மணி நேரம் நீ மட்டும்தான் இங்க இருந்தே. நல்ல கலவை எதைப் போட்டாலும் தாங்கும்னு அன்னைக்கெல்லாம் அதையேதானே சொல்லிட்டிருந்தே. தாங்குதான்னு பாத்தியா?"

"நான் எதுக்குப் பாக்கணும்? அலமாரி உன்னுது, வீடு உன்னுது. ஒரே ஒரு மால்ட்டு போதும், உன் கலவை மொத்தத்தையும் சாச்சுடும்னு சொன்னது நீ. சாச்சுக் காட்டிட்டே."

அப்பா என் பக்கம் திரும்பினார். நான் தட்டும் துணியுமாகச் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"நீயே சொல்லு. போன சனிக்கிழமை நான் ஃபோன் பேச வெளிய போனேனா இல்லையா?"

"போனீங்க" என்றேன்.

கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். அடுத்த வாக்கியம் என் வாயில்தான் இருந்தது. அது வெளியே வருவதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"கேட்டியா? நடுவரே சொல்லியாச்சு. வேணும்னு ஊத்தலேன்னா கை தவறி ஊத்தியிருப்பே. உன் கைதான் ஒரு இடத்துல நிக்கறதே இல்லையே. அந்தக் கையை வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை பேர் வாயில ஊசி போடப் போறே?"

அப்போதுதான் வாசலில் அத்தை நிற்பதைப் பார்த்தோம். யாரோ வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று மாமாவைக் கூப்பிட வந்திருக்கிறார். மாமாவின் கை நடுங்குவது அதுவரை அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அத்தை மாமாவின் கைகளைப் பார்த்தார். மாமா இரண்டு கைகளையும் பேண்ட் பைகளுக்குள் விட்டுக்கொண்டு எழுந்து போனார். மறுபடி எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

ஆய்வகத்தில் தப்பு நடந்தால் எழுத ஒரு படிவம் இருக்கிறது. என்ன நடந்தது, எப்போது, யாரால், சரிசெய்ய என்ன செய்தீர்கள் என்று நாலு கட்டம். இரண்டு வருஷத்தில் நான் ஒன்பது படிவம் எழுதியிருக்கிறேன். எதற்கும் தயங்கியதில்லை. தண்ணீரில் பினால் என்ற ஆஸ்பத்திரி நெடி அடிக்கும் ரசாயனம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலைகளில் ஒன்று. புகை விஸ்கியின் நெடிக்குக் காரணம் அந்தக் குடும்பத்துச் சரக்குதான். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும் வகைகள் அதில் உண்டு. மத்தியான இடைவேளையில் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூட்டாளியில் அந்த நெடி தெரியாமல் போக வேண்டும் என்றால் இன்னும் முப்பது பாட்டிலாவது ஊற்றவேண்டும். கரித்தூளில் வடிகட்டலாம். ஆனால் கரித்தூளுக்கு எது நல்லது, எது கெட்டது என்று தெரியாது. பதினாலு வருஷத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும். கணக்கெழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன். சொல்லாத ஒவ்வொரு நாளும், 'ஏன் நேற்றே சொல்லவில்லை?' என்ற கேள்வி ஒன்று கூடிக்கொண்டே போனது. நூற்றைம்பது நாள் இப்படிப் போய்விட்டது.

மாமாவின் கிளினிக் அடுத்த மாதமே அரை நாளாகி, பிறகு வாரம் இரண்டு நாளாகி, நின்றது. அத்தைதான் நிறுத்தினார் என்று அம்மா சொன்னாள்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. மூன்று மணிக்குக் கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வரவேற்பு மேசை போய்விட்டது. காத்திருப்பவர்கள் உட்காரும் நாற்காலிகள் போய்விட்டன. தரையில் அவற்றின் கால் பதிந்த குழிகள் மட்டும் வரிசையாக இருந்தன. உள்ளறையில் மாமா ஒரு சின்ன சக்கர முக்காலியில் உட்கார்ந்து, அலமாரியிலிருந்து பிளாஸ்டர் தாடைகளை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். பல்செட் செய்ய அளவெடுத்த தாடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஒரு பெயர். ஒவ்வொன்றையும் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்துவிட்டுத்தான் போட்டார்.

"வா பாப்பா. பல்லு வலின்னா சொல்லிடு, வேற டாக்டரைக் காட்டறேன்" என்றார். அவர் மெலிந்திருந்தார்.

"வலியில்ல மாமா."

"நல்லது."

இன்னொரு தாடையை எடுத்தார். உட்கார அந்தப் பெரிய சிகிச்சை நாற்காலி மட்டும்தான் இருந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். வரும் வழியெல்லாம் மூன்று விதமாக ஒத்திகை பார்த்த எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"மாமா, கூட்டாளில அந்தப் புகை சரக்கை ஊத்தினது நான்தான்."

அவர் கையிலிருந்த தாடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு?"

"நாலு விரல் இருந்துச்சு."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்தேன். இருமலாகவும் இருக்கலாம்.

"நாலு விரல் இருந்துச்சு" என்று திருப்பிச் சொன்னார். "சரிதான். நாங்க போட்ட சட்டம்தான். உங்கப்பனுக்குத் தெரியுமா?"

"இல்ல. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்."

"அஞ்சு மாசம் என்ன பண்ணிட்டிருந்தே?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"பாப்பா, அன்னைக்கு நான் எழுந்து போனது சரக்குக்காகவா?"

"இல்ல மாமா."

"தெரியுதில்ல?" அவர் வலது கையை விரித்து முன்னால் நீட்டினார். அது நடுங்கியது. நான் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சாக்கைப் பார்த்தேன். "ரொம்பக் கிட்டத்துல பாக்கற மாதிரி ஒரு கண்ணாடி செஞ்சு குடுன்னு அவன்கிட்ட போனேன். நல்லாத் தெரிஞ்சா கை நிக்கும்னு ஒரு நப்பாசை. பில்லுல கையெழுத்துப் போடும்போது பாத்துட்டான். ஒண்ணும் சொல்லல. கண்ணாடியை மட்டும் செஞ்சு குடுத்தான். அதுக்கப்புறம் ஒரு வருஷம் வாயைத் திறக்கல உங்கப்பன். எனக்குக் கிளாஸ்ல பாதிக்கு மேல உன்னை ஊத்த விடமாட்டான், சிந்திடும்னு. நாலு விரல் சரக்குக்காகத் திறந்துட்டான்."

வெளியே ஒரு வண்டி பின்னால் போகும் சத்தம் கேட்டது. அவர் ஜன்னலைப் பார்த்தார். நாற்காலி எடுக்க வந்த வண்டி இல்லை.

"ஒருவிதத்துல நல்லதுதான். எவன் நாக்கையாவது கிழிச்ச அப்புறம் நிறுத்தறதைவிட இது தேவலை. நானாச் சொல்லியிருக்கணும், சொல்லல. சொல்லாம இருக்கறது எப்படின்னு உனக்கும் தெரியும்." மடியிலிருந்த தாடையைச் சாக்கில் போட்டார். "இப்ப நீ சொன்னதால என்ன மாறிடும்னு நினைக்கறே?"

"தெரியல மாமா."

"எனக்கும் தெரியல."

அவருக்குச் சோர்வாக இருந்தது. எனக்கும்தான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, முகத்தைத் திருப்பாமலே, "அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். நாற்காலிக்கு ஆள் வரணும்" என்றார். அதை அழைப்பு என்று எடுத்துக்கொள்வதா, வெறும் தகவலா என்று கடை வரும்வரை யோசித்தேன்.

கடையில் யாரும் இல்லை. அப்பா மேசை விளக்கின் கீழே குனிந்து ஒரு பிரேமின் கீலில் திருகு ஏற்றிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை நிற்காமல் சொன்னேன். ஊற்றியது, பாட்டிலைத் தூக்கிப் போட்டது, இப்போது மாமாவிடம் போய்விட்டு வந்தது. திருகாணி சுற்றுவது நின்றது, மறுபடி சுற்றியது.

"அன்னைக்கு நான் உன்கிட்ட கேட்டேனே."

"வெளிய போனீங்களான்னு கேட்டீங்க."

அவர் நிமிர்ந்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார்.

"ஆமா" என்றார் மெதுவாக. "அதைத்தான் கேட்டேன்." பிறகு, "எவ்வளவு ஊத்தினே?"

"இருநூத்தம்பது மில்லி இருக்கும்."

"இருக்குமா? அளக்கலையா?"

"அளக்கல."

தலையை ஆட்டினார். ஊற்றியதைவிட அளக்காமல் ஊற்றியதுதான் அவருக்கு உறைத்தது போல. பிரேமைத் துடைத்துக் கூட்டில் வைத்து மூடினார். அடுத்ததை எடுத்தார். எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று மறந்தவர் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"சரக்கை நீ ஊத்தினே. அவன் பொண்டாட்டி முன்னாடி அந்த வார்த்தையைக் கொட்டினது நீ இல்லியே" என்றார்.

"அத்தை நின்னது உங்களுக்குத் தெரியாதுப்பா."

"தெரியாதுதான். தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா? அன்னைக்கு இருந்த கோபத்துல சொல்லியிருப்பேன்." கண்களைக் கசக்கிக்கொண்டார். "அவன் ஊத்தினான்னு நினைச்சுக்கிட்டு இருந்தவரைக்கும் ஒரு பிடிமானம் இருந்துச்சு. அவனும் தப்பு, நானும் தப்பு, சரிக்குச் சரின்னு. இப்ப அதுவும் போச்சு. போய் நின்னு என்னன்னு பேசறது?"

"தெரியலப்பா. அஞ்சு மணி வரைக்கும் இருப்பாராம்."

"வரச் சொன்னானா?"

"இருப்பேன்னு சொன்னார்."

சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபது. அப்பா கையிலிருந்த கண்ணாடியைப் பாதியில் விடவில்லை. லென்ஸைக் கழற்றி, விளிம்பைத் தேய்த்து, பொருத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி கழற்றித் தேய்த்தார். நான் எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். நாலு நாற்பதுக்கு எழுந்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார். மாடிக்குப் போனார். அம்மா எதையோ கேட்பதும் அப்பா ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வதும் கேட்டது. இறங்கி வந்தபோது கூட்டாளியை ஒரு துணிப்பையில் போட்டு, அடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டித் தெருவில் இறங்கினார்.

கிளாஸ் எடுக்கவில்லை என்பது அவர் இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. மாடிக்கு ஓடி இரண்டு கிளாஸை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவர் வேகமாக நடக்கவில்லை. பெயர்ப்பலகை இல்லாத சுவருக்கு எதிரே ஒருமுறை நின்றார். நானும் பத்தடி பின்னால் நின்றேன். பிறகு கதவைத் தள்ளினார்.

மாமா தாடைகளை முடித்திருந்தார். சாக்கின் வாய் கட்டியிருந்தது. அப்பா உள்ளறை வாசலில் பையோடு நின்றார். நான் போய்க் கிளாஸ்களை நாற்காலியோடு இணைந்த கருவித் தட்டில் வைத்தேன். அது அதிகம் சத்தம் போட்டுவிட்டது.

"உக்காரு" என்றார் மாமா. அறையில் வேறு நாற்காலி இல்லை. அப்பா அந்தச் சாய்வு நாற்காலியை ஒருமுறை பார்த்துவிட்டு, செருப்போடு ஏறி உட்கார்ந்தார். கால்கள் முன்னால் நீண்டன, உடம்பு பின்னால் சாய்ந்தது.

"வாயை மட்டும் திறக்காதே" என்றார் மாமா.

அப்பா திறக்கவில்லை. பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினார். மாமா வாங்கி, மூடியை எடுத்து, முகர்ந்தார். ஐந்து மாதம் மூடியிருந்த நெடி அறை முழுக்கப் பரவியது. நான் நின்ற இடம் வரைக்கும் வந்தது. அந்த அறையில் அது வித்தியாசமாகத் தெரியவில்லை. அங்கே எப்போதும் இருந்த வாசனை போலத்தான் இருந்தது.

"குறையவே இல்ல" என்றார் மாமா.

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

ஊற்றுவது எப்போதும் நான்தான். பழக்கத்தில் ஓரடி முன்னால் வைத்தேன். மாமா என்னைப் பார்த்தார். நான் நின்றுவிட்டேன். அவர் முக்காலியை உருட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்தார். நோயாளிக்கு எவ்வளவு பக்கத்தில் உட்கார்வாரோ அவ்வளவு பக்கத்தில். இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துச் சாய்த்தார். பாட்டிலின் வாய் வலப்பக்கம் போனது, இடப்பக்கம் வந்தது, மறுபடி வலப்பக்கம் போனது. அப்பா சாய்ந்தபடியே, கிளாஸை நீட்டிய கையைப் பாட்டிலோடு சேர்த்து வலப்பக்கமும் இடப்பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தார். அவர் கண் மாமாவின் கைகளைப் பார்க்கவில்லை. கிளாஸின் விளிம்பை மட்டும் பார்த்தது. கிளாஸ் பாதியைத் தாண்டியது. மாமா நிறுத்தவில்லை.